‘செக் பே’ கிடைத்ததற்குச் செத்த வீடா?

படலையடிக் கதை: வாசகர் கேள்வி, பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பற்றியவை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து எங்கே போவார்கள் என்று முடிவாகும் காலம் அல்லவா? இருபத்திரண்டு வருடமாகச் சூரிச் மாநிலப் பள்ளிகளில் ஆசிரியருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் தொழில். அந்த நாற்காலியில் இருக்கும்போது சொந்தக் கருத்து ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு வந்ததையெல்லாம் இந்தப் பக்கத்தில்தான் கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு ‘செக் பே’தான், அதாவது இடைநிலைப் பள்ளியின் கீழ்ப் பிரிவுதான், பொருத்தம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் கணவர் அவனோடு பேசுவதில்லை. “இனி நீயும் என்னைப் போலக் கோப்பை கழுவ வேண்டியதுதான்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். மைத்துனரின் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் கிம்னாசியத்துக்குப் போகிறாள். கல்யாண வீடுகளுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. இந்த முடிவை மாற்ற வழி உண்டா?
(ஒரு தாய், வின்டர்தூர்)

பதில்: தங்கச்சி, மாற்ற வழி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். அதற்கு முன், உங்கள் வீட்டில் செத்த வீடு கொண்டாடுவதை நிறுத்துங்கள். செத்தது யாரும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அறைக்குள் உட்கார்ந்து, தகப்பன் கூப்பிடுவாரா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

சூரிச்சில் ஆறாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட இடைநிலைப் பள்ளி, அதைத்தான் ‘செக்’ என்கிறோம். அதில் ஆ (A), பே (B) என்று பிரிவுகள், ஆ மேலே, பே கீழே. சில ஊர்களில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. (பேர்ணிலும் பாசலிலும் ஒழுங்கும் பெயர்களும் வேறு, அங்குள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.) கிம்னாசியத்துக்கு மட்டும்தான் மார்ச் மாதத்தில் டொச்சிலும் (ஜெர்மன் மொழியிலும்) கணக்கிலும் சோதனை. ஆ, பே பிரிப்பதற்குச் சோதனை கிடையாது. ஆசிரியர் பிள்ளையை ஒட்டுமொத்தமாகப் பார்த்துச் சொல்வார், பெற்றோருடன் பேசி முடிவு செய்வார்கள். ஆனால் நம்மவர்கள் இந்தப் பேச்சுக்குத் தீர்ப்புக் கேட்கப் போவது போலத்தான் போகிறார்கள். ஆசிரியை ஏதாவது சொன்னால் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டுகிறார்கள். எத்தனை ஆசிரியர்கள் என் பக்கம் திரும்பி, “இது ஆமா, இல்லையா?” என்று கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆட்டிய மனிதருக்கே தெரியாது.

நீங்கள் மறுபடி ஒரு சந்திப்புக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். பள்ளியே ஒழுங்கு செய்யும். உட்கார்ந்ததும் தலையாட்டாமல் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தப் பாடத்தில் எது குறைகிறது? அடுத்த வருடம் மேல் பிரிவுக்கு மாற்றிப் பார்ப்பது எந்த மாதம்? அதற்கு முன் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? செக் பேயில் சேர்ந்த பிள்ளை நடு வருடத்திலேயே ஆவுக்கு மாறலாம்; அதற்கென்று குறித்த நாட்கள் இருக்கின்றன. சில பள்ளிகளில் கணக்குக்குத் தனியாகப் படிநிலை வைத்திருக்கிறார்கள். பேயில் இருக்கும் பிள்ளை கணக்கில் மட்டும் மேல் படியில் இருப்பான். ஆசிரியையின் கணிப்புப் பிழை என்று உங்கள் மனம் சொன்னால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே மாதிரிப் பெறுபேறு வைத்திருந்தும் வெளிநாட்டுப் பெயர்க்காரப் பிள்ளையைக் கீழே போட்டுப் பார்ப்பதை நான் இந்த நாற்காலியிலிருந்து கண்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கேட்கும் பெற்றோரின் பிள்ளைக்கு அது குறைவாக நடக்கிறது.

இனி உங்கள் கணவர்.

அவருடைய பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் மூத்த அண்ணன் 1974இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதினார். பொறியியல் படிக்கப் போதுமான புள்ளி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பல்கலைக்கழக இடத்துக்குப் புள்ளிகளை மாற்றிக் கணக்கிட்ட ‘தரப்படுத்தல்’ வந்து கதவைச் சாத்தியது. பிறகு இரண்டாவது தடவை எழுதினார், அதுவும் சரிவரவில்லை. 1985இல் பேர்ணுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் பேர்ண் ரயில் நிலையத்தில் தோல் ஜாக்கெட்டோடு நின்ற தமிழ்ப் பெடியன்களைப் பத்திரிகைகள் போதைப்பொருள்காரர் என்று எழுதின. ஜாக்கெட்டுகள் பழைய உடுப்புச் சேகரிப்பில் கிடைத்தவை என்பார் அண்ணன். பத்தொன்பது வருடம் ஒரே உணவகத்தின் அடித்தளத்தில் கோப்பை கழுவினார். அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தோம். உயர்தரப் பெறுபேற்றுத் தாள், நான்காக மடித்தபடி, மடிப்பு கிழியாமல் ஒட்டுநாடா போட்டு வைத்திருந்தார்.

நம் ஊரில் கதவு ஒன்றுதான். சாத்தினால் சாத்தியதுதான். அந்தக் கதவைக் கழற்றி நாம் இங்கே கொண்டுவந்து நம் பிள்ளைகள் முன்னால் நட்டு வைத்திருக்கிறோம்.

இந்த நாட்டின் வீடு வேறு மாதிரிக் கட்டப்பட்டது. இங்கே பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கிம்னாசியம் போவதில்லை, ‘லேர’ என்கிற தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். சுவிஸ்காரரின் பிள்ளைகளும்தான். மூன்று அல்லது நான்கு வருடம். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலையிடம், ஒன்று இரண்டு நாள் தொழிற்பள்ளி. முதல் மாதத்திலிருந்தே சம்பளம். படிப்பில் கெட்டியான பிள்ளை லேரயோடு சேர்த்தோ, முடித்த பிறகு ஒரு வருடத்திலோ ‘பெருஃப்ஸ்மத்தூர’ என்ற தொழில்சார் உயர்தரச் சான்றிதழ் எடுக்கலாம். அது இருந்தால் தொழில்சார் உயர்கல்லூரிக்குள் போகலாம். பொறியியலும் கணினியும் அங்கேயே படிக்கலாம். பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றால் ‘பாசரெல்’ என்ற இன்னொரு சோதனை இருக்கிறது, சுமார் ஒரு வருடப் படிப்பு. சுற்றுவழிதான். ஆனால் வழி. யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகி செர்ஜியோ எர்மொட்டி, லுகானோவில் ஒரு வங்கியில் தொழிற்பயிற்சிப் பையனாகத் தொடங்கியவர். இதைக் கணவருக்குச் சொல்லிப் பாருங்கள். வங்கி என்றால் நம்மவர்களுக்குக் காது கேட்கும்.

கிம்னாசியத்துக்கு உண்மையிலேயே தகுதி உள்ள பிள்ளை ஆறாம் வகுப்பில் தவறவிட்டால், இடைநிலையின் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் மறுபடி சோதனை எழுதலாம். சூரிச்சில் உன்டர்ஸ்ட்ராஸ் கிம்னாசியம் 2008 முதல் ‘ஷகால்’ என்ற பயிற்சியை நடத்துகிறது. வசதி குறைந்த, வெளிநாட்டுப் பின்னணியுள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளை எடுத்து அந்தச் சோதனைகளுக்குத் தயார்படுத்துகிறார்கள். நமது கடைகளில் ஒட்டியிருக்கும் ட்யூஷன் விளம்பரங்களுக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பற்றி ஆசிரியையிடம் விசாரியுங்கள்.

நவம்பரில் ஓர்லிகோன் கண்காட்சி மண்டபத்தில் தொழிற்கண்காட்சி வரும். கணவரையும் மகனையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டாம். இருவரும் பேசாமலேயே போகட்டும். அங்கே பதினாறு வயதுப் பிள்ளைகள் செங்கல் அடுக்குவதையும் மின்பலகை கட்டுவதையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசாமல் இருந்துவிடுவார்?

*

கேள்வி: எனக்கு 14 வயது, இரண்டாம் செக். மூன்று இடங்களில் ‘ஷ்னுப்பர்’ போனேன்: பல் வைத்தியரிடம் இரண்டு, மருந்துக் கடையில் ஒன்று. நேரத்துக்குப் போனேன், சொன்னதையெல்லாம் செய்தேன். மூன்று பேரும் அறிக்கையில் ஒரே சொல்லை எழுதியிருக்கிறார்கள்: ‘ட்சுரூக்ஹால்டென்ட்’. என்ன பிழை விட்டேன்?
(மாணவி, ஷ்வாமெண்டிங்கன்)

பதில்: மகள், நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. நாங்கள் விட்டோம்.

முதலில் மற்றவர்களுக்காக: ஷ்னுப்பர் என்றால், ஒரு தொழிலைச் சில நாள் அந்த இடத்துக்கே போய் மோந்து பார்ப்பது. சொல்லின் பொருளே மோப்பம் பிடிப்பதுதான். கடைசியில் பொறுப்பானவர் ஒரு படிவம் நிரப்பித் தருவார். பயிற்சி இடம் கிடைப்பதற்குப் பெறுபேற்றைவிட அந்தப் படிவம் சில வேளை பெரியது.

போன வருடம் ஒரு பள்ளிச் சந்திப்புக்குப் போயிருந்தேன். தாய் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தாளை எடுத்து மேசையில் மெதுவாக வைத்தார், கோயில் அர்ச்சனைத் தட்டு வைப்பது போல. மகளின் ஷ்னுப்பர் அறிக்கை. ‘நேரம் தவறாமை’க்கு நேரே முதல் பெட்டியில் சரி. ‘சுத்தம்’ முதல் பெட்டி. ‘ஆர்வம், கேள்வி கேட்பது’க்கு நேரே மூன்றாம் பெட்டியில் சரி. கீழே கையெழுத்தில் அந்தச் சொல். தாய் அதன் மேல் விரலை வைத்து, “அடக்கமான பிள்ளை என்று எழுதியிருக்கிறார்கள்” என்றார் என்னிடம், தமிழில், முகமெல்லாம் பூரிப்போடு. கைப்பேசியில் அகராதி பார்த்திருக்கிறார். அகராதி பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அடக்கம் என்றும் பொருள் உண்டு. மகள் மேசையின் மரக்கோட்டை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தாய் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஆசிரியர் சற்று நேரம் பேனாவை உருட்டிவிட்டுச் சொன்னார்: “அப்படி இல்லை. இவள் தானாக எதையும் கேட்கவில்லை என்பதுதான் இதன் அர்த்தம்.” அதையும் மொழிபெயர்த்தேன். தாயின் விரல் தாளிலிருந்து எழும்பவில்லை.

பெரியவர்கள் பேசும்போது இடையில் பேசாதே, கண்ணைப் பார்த்துக் கதைக்காதே, சொன்னதைச் செய் என்று நாங்கள்தான் வளர்த்தோம். ஊரில் அது மரியாதை. இங்கே அதே பிள்ளையைப் பார்க்கும் மேற்பார்வையாளர், ‘இவளுக்கு இந்த வேலையில் விருப்பமில்லை’ என்று நினைத்துவிடுகிறார். அவரும் கெட்டவர் இல்லை.

அடுத்த தடவை முதல் நாள் இரவே ஒரு துண்டுத்தாளில் மூன்று கேள்வி எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கள். “இந்தக் கருவியை ஏன் இப்படிப் பிடிக்கிறீர்கள்?” போதும். “இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது எது?” என்று கேட்டால் அவர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள், உங்களைக் கெட்டிக்காரி என்றும் சொல்வார்கள். வேலை தெரியாவிட்டால் சும்மா நிற்க வேண்டாம், “அடுத்து நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். காலையில் கை கொடுக்கும்போது கண்ணைப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் புருவங்களுக்கு நடுவில் பாருங்கள், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நானே இரண்டு வருடம் அப்படித்தான் சமாளித்தேன்.

விண்ணப்பத்தில் போடும் மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயராக இருக்கட்டும். அதில் நடிகர் பெயர் வைத்திருந்த ஒரு பெடியனை எனக்குத் தெரியும். கைப்பேசியில் குரல் பதிவும் உங்கள் பெயர் சொல்லி இருக்கட்டும், பாட்டு வேண்டாம். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்: தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் தான் எடுத்து “யார் கதைக்கிறது?” என்று கேட்க வேண்டாம் என்று.

நீங்கள் இரண்டாம் செக்கிலேயே ஓடத் தொடங்கியது நல்லது. அடுத்த ஆகஸ்டில் தொடங்கும் இடங்களை முந்திய ஆகஸ்டிலிருந்தே விளம்பரப்படுத்துகிறார்கள். நம்மவர்கள் மூன்றாம் செக்கின் வசந்த காலத்தில், கோயில் திருவிழா வரும்போதுதான் விழிக்கிறார்கள். உங்கள் பகுதி ‘பிட்ஸ்’ நிலையத்தில், அதாவது தொழில் தகவல் நிலையத்தில், நேரம் எடுத்துப் போய்ப் பாருங்கள். பல் வைத்தியரும் மருந்துக் கடையும் அம்மாவின் தெரிவா, உங்கள் தெரிவா என்பதையும் அங்கே உட்கார்ந்து யோசியுங்கள். இருநூறுக்கு மேல் தொழில்கள் இருக்கின்றன.

*

கேள்வி: மகனுக்கு 13 வயது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் காற்பந்துப் போட்டியும் மோதுகின்றன. பந்தா தமிழா? டொச்சில் புள்ளி குறைவதால் வீட்டிலும் டொச் பேசினால் என்ன என்றும் யோசிக்கிறோம்.
(ஒரு தகப்பன், டீட்டிகோன்)

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில். வேண்டாம். உங்கள் டொச் எனக்குத் தெரியாது, ஆனால் என்னுடையது தெரியும். பெயர்ச்சொல்லின் பால் காட்டும் ‘டெர், டீ, டாஸ்’ இன்னும் குலுக்கல் சீட்டுப் போலத்தான் விழுகிறது. தகப்பன் அந்த டொச்சில் கண்டித்தால் பிள்ளை கண்டிப்பைக் கேட்க மாட்டான், இலக்கணத்தைத் திருத்துவான். பிறகு வீட்டில் யார் தகப்பன்? எந்த மொழியில் கோபப்படவும் கொஞ்சவும் கதை சொல்லவும் உங்களுக்கு முழுதாக முடியுமோ அந்த மொழியில் பேசுங்கள்.

இன்னொன்று. உங்கள் மகனுக்கு இடறுவது பெரும்பாலும் எழுத்து டொச். அது சுவிஸ் பிள்ளைகளுக்கும் இடறுகிறது. அவர்கள் வீட்டில் பேசுவது வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு. 2011இல் சூரிச் மக்கள், பாலர் வகுப்பில் பேச்சு வழக்கே இருக்க வேண்டும் என்று வாக்குப் போட்டுத் தீர்மானித்தார்கள். எவ்வளவு பிடிவாதம் பாருங்கள். நமக்கு இது புதிதா? வீட்டில் ஒரு தமிழ், கட்டுரையில் ஒரு தமிழ் என்று பழகிய இனம் நாம். தமிழ்ப் பள்ளியில் அந்த இரண்டுக்கும் நடுவில் தாவப் பழகும் பிள்ளைக்கு, டொச்சில் அதே தாவல் விளங்கும். அதை அவனுக்கு ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக் காட்டுங்கள்.

பந்தும் வேண்டும், தமிழும் வேண்டும். பயிற்சியாளரிடம் பேசுங்கள், தமிழ் ஆசிரியரிடமும் பேசுங்கள். போட்டி உள்ள சனிக்கிழமைகளில் மட்டும் விடுப்புக் கேளுங்கள். தமிழ் ஆசிரியர் முறைப்பார். முறைக்கட்டும். இந்த நாடு சங்கங்களால் ஓடுகிறது: பந்துக் கழகம், சாரணர், தொண்டர் தீயணைப்பு. பயிற்சி இடம் கேட்டுப் போனால் “எந்தச் சங்கத்தில் இருக்கிறாய்?” என்று கேட்பார்கள். வீணை, பரதம், கணக்கு ட்யூஷன் என்று வாரம் முழுவதும் நிரப்பிவிட்டு அந்தக் கேள்விக்கு வெறும் கையோடு அனுப்புகிறோம். கழகத்தில் தண்ணீர்ப் போத்தல் தூக்கும் பிள்ளையின் பெயரையும் அங்கே நாலு முதலாளிகள் அறிந்திருப்பார்கள். ஞாயிறு போட்டியில் ஓரத்தில் நின்று பாருங்கள் தம்பி. தேநீர் விற்கும் மேசையில் ஒரு மணி நேரம் நின்றால் உங்கள் டொச்சும் முன்னேறும்.

*

கேள்வி: அக்காவின் மகன் 17 வயதில் இப்போதுதான் வந்திருக்கிறான். பள்ளி வயது தாண்டிவிட்டதாம். உணவகத்தில் சேர்த்துவிடலாமா?
(லூட்சேர்னிலிருந்து ஒரு மாமா)

பதில்: அண்ணா, அவசரப்படாதீர்கள். இவ்வளவு பிந்தி வரும் இளைஞர்களுக்கென்றே 2018இல் ‘ஒருங்கிணைப்பு முன்பயிற்சி’ ஒன்று தொடங்கினார்கள். ஒரு வருடம் மொழியும் வேலையும் சேர்த்துப் பழக்கி, அதன்பின் லேரக்கு அனுப்புவது. முதலில் அகதிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு மற்றவர்களுக்கும் விரித்தார்கள். உங்கள் மாநிலத் தொழிற்கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். உணவகம் எங்கும் ஓடிப் போகாது. பதினேழு வயது ஓடிவிடும்.

*

கேள்வி: பிள்ளைகளுக்குச் சுவிஸ் குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?
(பலர்)

பதில்: பத்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும், ‘செ’ (C) என்கிற நிரந்தர வதிவிட அனுமதி வேண்டும். எட்டு வயதுக்கும் பதினெட்டுக்கும் இடையில் இங்கே வாழ்ந்த வருடங்கள் இரட்டிப்பாக எண்ணப்படும். ஆனால் உண்மையில் குறைந்தது ஆறு வருடம் இருந்திருக்க வேண்டும். இது 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். பதினெட்டுத் தாண்டினாலும் அந்த வருடங்கள் இரட்டிப்பாகவே எண்ணப்படும். அதற்கு மேல் ஊருக்கு ஊர் நிபந்தனை உண்டு, நகரசபையில் கேளுங்கள்.

*

கேள்வி: ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். உங்கள் சொந்தப் பிள்ளைகள் என்ன டாக்டர்களா?
(பெயர் எழுதாத வாசகர்)

பதில்: இல்லை. மகள் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறாள். மகனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையெழுத்து எனக்குத் தெரிந்த ஒருவருடையது போல இருக்கிறது.

அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை, அலுவலகங்களில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். பெற்றோர் சந்திப்புக்கு அவனையே மொழிபெயர்க்கக் கூட்டிப்போனேன். ஆசிரியர் ஏழு நிமிடம் பேசினார். மகன் திரும்பி, “நல்லாம்” என்றான். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஜனவரியில் பெறுபேற்று அறிக்கை வந்தது: கணக்கில் 3.5. இங்கே 6 உச்சம், 4க்குக் கீழே போனால் சரியில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜேர்மனியில் இருந்த தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே 1தான் உச்சம். “3.5 பரவாயில்லை அக்கா, நடுத்தரம்” என்றாள். அன்றைக்குப் பாயசம் காய்ச்சினேன். அவன் இரண்டு கோப்பை குடித்தான், ஒன்றும் சொல்லாமல்.

அதற்குப் பிறகு அவன் செக் பே. நானும் மூன்று மாதம் செத்த வீடு நடத்தியவள்தான். பூட்டு, கம்பி செய்யும் உலோக வேலையில் லேர செய்தான், முடித்தான், சில வருடம் வேலை பார்த்தான். பிறகு விட்டுவிட்டு ட்ராம் ஓட்டப் பழகினான். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் “போக்குவரத்துத் துறையில் இருக்கிறார்” என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரு நாள் அவனே பக்கத்தில் நின்று கேட்டுவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை, பாயசம் குடித்த அதே முகம்.

ட்ராம் ஓட்டுகிறார், ஐயா. பெரும்பாலும் பதினோராம் இலக்கம். ஓர்லிகோன் பக்கம் வந்தால் ஏறிப் பாருங்கள்.